பேரோட எழுதுங்க

அவர் தலையில் பெயருக்குக்கூட ஒரு முடி கிடையாது. தேர்தலில் நின்ற சின்னம் சீப்பு.

சுயேச்சைகளுக்குச் சின்னம் ஒதுக்கியபோது கடைசியில் மிஞ்சியது அதுதான் என்று சிலர் சொன்னார்கள். வேண்டுமென்றே கேட்டு வாங்கினார் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். “முடி இருக்கறவன்தான் சீப்புல நிக்கணும்னு சட்டத்துல எங்கனா போட்டிருக்குதா?” என்று திருப்பிக் கேட்டார். ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. சிரித்துக்கொண்டே ஓட்டும் போட்டது. எங்கள் ஒன்றியக் குழுவில் பதினாறு பேர். எந்தக் கட்சியிலும் இல்லாமல் உள்ளே வந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எந்த ஒன்றியம் என்று தெரிந்துவிடும். ஒன்றியம் தெரிந்தால் நான் யார் என்றும் தெரிந்துவிடும். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில் ஓர் ஒன்றியம், அவ்வளவு போதும்.

கச்சிராயபாளையம் ரோட்டில் அவருக்கு ஒரு மைக்செட் கடை இருந்தது. முப்பது வருடமாக எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் அவர் மைக்தான். மேடைக்குப் பின்னால் ஆம்பிளிஃபயர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேச்சாளர் கத்தினால் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார். முனகினால் கூட்டுவார். “இத்தினி வருசமா எல்லாரு பொய்யையும் நான்தாங்க சத்தமாக்கி வுட்டுக்கினு இருந்தேன். அந்தப் பாவம் தீரத்தான் நின்னேன்” என்பார். அவர் ஜெயித்த பிறகு கட்சிக்காரர்கள் வேறு கடையில் மைக் எடுக்க ஆரம்பித்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஓட்டிக்கொண்டார்.

அவரை நான் முதலில் பார்த்தது முதல் கூட்டத்தன்று. என் வார்டு பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. நின்றது நான், ஜெயித்தது நான், மன்றத்தில் போய் உட்கார்ந்தது என் வீட்டுக்காரர். உரக்கடை வைத்திருப்பவர், நாலு பேரைத் தெரிந்தவர். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. அன்றைக்கு அந்த பெஞ்சில் என்னோடு இன்னும் மூன்று பெண் கவுன்சிலர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே மேசையில் என் பெயர்ப் பலகை. அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரர். சீப்புக்காரர் பலகையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

“இந்தப் பேருக்கு உண்டானவங்க யாருங்க?”

“எம் பொண்டாட்டிதான். வெளிய குந்திக்கினு இருக்குது. இப்ப இன்னாங்க அதுக்கு?”

“நான் பேசறதுக்கு பதில் சொல்ல வேண்டியவங்க அவங்கதான். கூப்புடுங்க. நீங்க போய் ஒரு டீ சாப்பிடுங்க.”

மன்றம் சிரித்தது. பி.டி.ஓ. தலையைக் குனிந்துகொண்டு எதையோ தேடுவதுபோல நடித்தார். என் வீட்டுக்காரர் முகம் சிவக்க எழுந்து வெளியே வந்தார். நான் உள்ளே போனேன். என்னோடு அந்த மூன்று பேரும் எழுந்து உள்ளே வந்தார்கள். அன்று வீட்டில் எனக்கு நல்ல பாட்டு கிடைத்தது. ஆனால் அந்த நாற்காலியில் நான் முதன்முதலாக உட்கார்ந்தது அவரால்தான். ஊரே என் வீட்டுக்காரரைக் கவுன்சிலர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னைக் “கவுன்சிலரம்மா” என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்.

எங்கள் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம். டீயும் மிக்சரும் வரும். ஒன்றிய அலுவலக மேலாளர் எழுந்து, “பொருள் ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை படித்ததாகக் கொள்ளலாமா?” என்பார். “கொள்ளலாம்” என்று எல்லோரும் சொல்வோம். மிக்சர் தீர்வதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

“படிச்சதா எப்படிங்க கொள்றது? எல்லாருக்கும் காது இருக்குது. படிங்க” என்பார் அவர்.

முப்பத்திரண்டையும் படிக்க வைப்பார். பசி நேரத்தில் அவர்மேல் கொலைவெறி வரும். பத்தொன்பதாவது பொருளில் எங்கள் ஒன்றியத் தலைவர் அம்மாவின் ரைஸ்மில்லுக்குப் போகிற பாதைக்குத் தார் போடுவது ஒளிந்துகொண்டிருக்கும். அவர் கையைத் தூக்குவார். தோளிலிருந்து நேராக, பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி முழுக்கையையும் தூக்குவார்.

“எதிர்ப்புன்னு எழுதுங்க. பேரோட எழுதுங்க.”

மேலாளர் “ஒருவர் எதிர்ப்பு” என்று மட்டும் எழுதப் பார்த்தால் விடமாட்டார். எழுந்து போய், புத்தகத்தைத் திருப்பி வைத்துப் படித்து, பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். “பேரு போடாத பேச்சு எச்சில் துப்பற மாதிரிங்க. யாரு துப்புனாங்கன்னு தெரியாம எல்லாரும் மிதிக்கணும்” என்று ஒருமுறை சொன்னார்.

ரைஸ்மில் அம்மாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆனால் அதே அம்மா தன் எதிர்க்கோஷ்டி வார்டுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கொண்டுவந்தபோது சொந்தக் கட்சிக்காரர்களே வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். முதலில் எழுந்த கை அவருடையது. “ஆதரவுன்னு எழுதுங்க. பேரோட எழுதுங்க.” அந்த அம்மா அவரை ஏதோ புரியாத பாஷை பேசுகிறவரைப்போலப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

அவர்கள் இருவருக்கும் பெரிய சண்டை ஓடைப் பாலம்தான். மலையில் எங்கள் ஒன்றியத்துக்குள், அவர் வார்டில் வரும் ஒரு சிற்றூர். எழுபது வீடு இருக்கும். கடுக்காயும் சாமையும் கொண்டுவந்து விற்பார்கள். நடுவில் ஓடை. மழை பெய்தால் அக்கரை அக்கரைதான். நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் கொண்டுவர வேண்டும். அங்கே ஒரு தரைப்பாலம் வேண்டும் என்று அவர் இரண்டு வருடம் அந்த அம்மாவோடு மல்லுக்கட்டினார்.

இத்தனைக்கும் அந்த ஊர் முழுதாக வேறு ஆளுக்கு ஓட்டுப் போட்டிருந்தது. அவருக்கு அந்த பூத்தில் ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதை அவரே கூட்டத்தில் சொல்வார். “ஓட்டு போடாதவனுக்கு ஓடைல தண்ணி கம்மியாவா வருது?”

கடைசியில் அந்த அம்மா அசைந்துவிட்டார். அவரே ஒரு மழைநாளில் போய் ஓடையைப் பார்த்துவிட்டு வந்து, அந்த வருடப் பொதுநிதி முதலில் பாலத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அங்கேதான் வினை. அந்தப் பணத்தைப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடைகள் கட்ட நம்பியிருந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒப்பந்தக்காரர் ஒருவர், அவரும் கவுன்சிலர்தான். தலைவரை மாற்றிவிடலாம் என்று பேச்சுக் கிளம்பியது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஜெயிக்க ஐந்தில் நாலு பங்கு, அதாவது பதினாறில் பதின்மூன்று கை வேண்டும்.

தலைவர் அம்மாவும் அவருக்கு விசுவாசமான ஒருவரும் போக, பதினாலு பேர். சீப்புக்காரர்தான் முதல் கையெழுத்துப் போடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். இரண்டு வருடம் அந்த அம்மாவை அந்தப் பாடு படுத்தியவராயிற்றே. நோட்டீசைக் கையில் வாங்கிப் படித்தார். கூட்டத்தை முறையாக நடத்தவில்லை, உறுப்பினர்களை மதிக்கவில்லை, நிர்வாகம் சீர்கெட்டுவிட்டது என்று மூன்று காரணம்.

“கூட்டம் முறையாத்தான் நடக்குது. நடத்த வைக்கறது நானாச்சே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆக, மூன்று பேர் இந்தப் பக்கம். பதின்மூன்று பேர் அந்தப் பக்கம். சரியாகப் பதின்மூன்று. அதில் ஒருத்தி நான்.

அந்த வாரம் அவர் ஓடைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு நானும் வருகிறேன் என்றேன். ஜீப்பை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். பாசி வழுக்கி, அக்கரையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. “பாத்து வாங்கம்மா” என்று அவள் என்னைப் பத்திரமாக இழுத்துவிட்டதுதான் வேடிக்கை.

திரும்பி வரும்போது நானாகத்தான் சொன்னேன். “அண்ணா, நான் கை தூக்க மாட்டேன்.”

“நான் கேக்கவே இல்லியே, கவுன்சிலரம்மா.”

“நானாத்தான் சொல்றேன். நான் ஒருத்தி தூக்கலைன்னா அவங்களுக்குப் பத்தாதுண்ணா.”

அவர் ஓடையைத் திரும்பிப் பார்த்தார். “சரி. கேட்டுக்கினேன்” என்றார். அவ்வளவுதான். சத்தியம் பண்ணச் சொல்லவில்லை, கையில் அடிக்கச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து எங்களை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனார்கள். யாரும் யாரையும் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக இப்படிக் கூட்டிப் போய் வைத்திருப்பது வழக்கம். வீட்டுக்காரர்களும் கூட வந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் டிபன் சாப்பிட நிறுத்தியபோது ஒப்பந்தக்காரர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“தலைவர் சீட்டு லேடீஸ் சீட்டுங்க. அந்தம்மா போச்சுன்னா அப்பால யாரு? படிச்சவங்க நீங்க ஒருத்தர்தான். நாங்க பேசிட்டோம்.”

என் வீட்டுக்காரர் இட்லியை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் அவர் என்னை அப்படி மரியாதையாகப் பார்த்தார்.

திரும்பி வரும் வழியில் ஓர் அம்மன் கோயிலில் வேனை நிறுத்தினார்கள். தட்டில் கற்பூரம். ஒவ்வொருவராக அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். என் மகள் பெயரைச் சொல்லி நான் அடித்தேன். உள்ளங்கை கொஞ்சம் சுட்டது.

பிற்பாடு எல்லோரிடமும் நான் கற்பூரத்தைத்தான் காரணம் சொன்னேன். பெற்ற பிள்ளை பேரில் அணைத்தது, மீற முடியுமா என்றேன். கேட்டவர்களும் பாவம் என்றார்கள். எங்கள் ஊரில் கற்பூரம் அணைத்துவிட்டால் அப்புறம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் உளுந்தூர்பேட்டை முதலில் வந்தது, கோயில் பிறகுதான் வந்தது. கற்பூரத்தை அடிப்பதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். எனக்கு ஆசை வந்துவிட்டது. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தலைவர் நாற்காலி மேல் ஆசை வந்துவிட்டது.

கூட்டத்துக்குக் கோட்டாட்சியர் வந்தார். தீர்மானத்தைப் படித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். எண்ணிக்கொண்டே வந்தவர் பன்னிரண்டில் நின்றார். நான் முழங்கை வரைக்கும் தூக்கியிருந்தேன்.

“முழுசாத் தூக்குங்கம்மா. சந்தேகமில்லாம இருக்கணும்” என்றார்.

முழுசாகத் தூக்கினேன். சீப்புக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்து முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து, “எதிர்ப்புன்னு எழுதுங்க. தூக்குனவங்களையும் பேரோட எழுதுங்க” என்றார். மேலாளர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே எழுதினார். என் பெயர் பதின்மூன்றாவது.

நான் தலைவரானதற்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அன்று பெரிய முகூர்த்த நாள். எந்தக் கடையிலும் மைக்செட் கிடைக்காமல் என் வீட்டுக்காரர் சீப்புக்காரர் கடைக்கே போய்விட்டார். அவர் வந்தார். மேடை ஏறி மைக் கட்டினார். நான் குள்ளம். பேச வந்து நின்றபோது மைக் என் நெற்றிக்கு நேராக இருந்தது. அவரே எழுந்து வந்து ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, என் வாய்க்கு நேராக இறக்கி, இறுக்கிவிட்டார்.

“கிட்ட வந்து பேசுங்க, தலைவரம்மா. தூர நின்னா கேக்காது.”

தலைவரம்மா என்றதில் ஒரு குத்தலும் இல்லை. கவுன்சிலரம்மா என்று சொல்லும் அதே குரல். நேர்மையான நிர்வாகம் தருவேன் என்று பேசினேன். எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

என் தலைமையில் வந்த முதல் பொருளே கடைகள் கட்டுவது. படித்ததாகக் கொள்ளலாமா என்று மேலாளர் ஆரம்பிக்கும்போதே நான் முந்திக்கொண்டு, “படிங்க” என்றேன். சீப்புக்காரர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்று ஓர் அசட்டு எண்ணம். அவர் எதிர்ப்பு எழுத வைத்தார். பாலத்துக்கு வைத்திருந்த நிதி கடைகளுக்குப் போயிற்று. கூட்டம் முடிந்து பக்கத்தில் நின்று டீ குடித்தார். “சக்கரை ஜாஸ்தி” என்றார்.

அந்த மழைக்காலத்தில் ஓடை மூன்று நாள் வடியவில்லை. பிரசவ வலி வந்த ஒரு பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்து, அக்கரையிலேயே ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். பெண் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை தங்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துவிட்டவள்தான் அது.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து இதைச் சொன்னார். குரல் உயரவில்லை. “இதை எதிர்ப்புல எழுதச் சொல்லலைங்க. மன்றத்துக்குத் தகவல்” என்று உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். அடுத்த பொருளைப் படிக்கச் சொன்னேன்.

ஒன்றரை வருடத்தில் எனக்கும் அதே கதி வந்தது. ஒப்பந்தக்காரரின் மச்சானுக்கு இரண்டு கடை ஒதுக்க மறுத்தேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் ஒன்றை என் வீட்டுக்காரர் கேட்டிருந்தார். மறுபடி நோட்டீஸ், மறுபடி வேன், மறுபடி கற்பூரம். என்னோடு நின்றவர்கள் இரண்டு பேர்தான். ரைஸ்மில் அம்மா அந்தப் பக்கம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர்கள் பக்கம் பன்னிரண்டு கை சேர்ந்துவிட்டது. இன்னும் ஒன்று போதும். சீப்புக்காரர் கை.

அவர் தூக்குவார் என்றே நினைத்தேன். தூக்கட்டும் என்றும் நினைத்தேன். தூக்கினால் ஒருவழியாகக் கணக்குத் தீர்ந்துவிடும் அல்லவா?

கோட்டாட்சியர் படித்து முடித்ததும் அவர் எழுந்தார்.

“ஐயா, இந்தக் காயிதத்தை எங் கடைக்கு எடுத்தாந்தாங்க. படிச்சேன். கூட்டம் நடத்தலை, மதிக்கலை, நிர்வாகம் சரியில்லை. போன தபா அந்தம்மா மேல போட்ட அதே மூணு. பேரை மட்டும் மாத்திக்கினாங்க. மூணும் பொய்.”

ஒப்பந்தக்காரர், “இந்தம்மா உங்களுக்குப் பண்ணது மறந்துபோச்சுங்களா?” என்றார்.

“மறக்கலை. இந்தம்மா மேல நெசமான தப்பு ஒண்ணு இருக்குது. பாலம் வேணும்னு கண்ணால பாத்துட்டு வந்து, குடுத்த வாக்கை மீறி, பதவிக்காகக் கை தூக்குனாங்க. அதை எழுதிக்கினு வாங்க. மொத கையெழுத்து நான் போடறேன்.”

அதை எழுத யாரால் முடியும்? எழுதினால் அன்று என்னோடு கை தூக்கிய அத்தனை பேரும் தங்கள் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். ரைஸ்மில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒப்பந்தக்காரர் மேசையைப் பார்த்தார். பன்னிரண்டு கைதான் எழுந்தது. தீர்மானம் தோற்றது. நான் தலைவராகவே இருந்தேன். அவ்வளவு கேவலமாக ஒரு பதவியில் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது.

வராந்தாவில், அந்தப் பழைய பெஞ்சுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். “அண்ணா” என்றேன்.

“நன்றி கின்றின்னு சொல்லிடாதீங்க. உங்களுக்காகப் பண்ணலை. பாலம் எந்தக் கூட்டத்துல வருது?”

“அடுத்த கூட்டத்துலண்ணா.”

“சரி. கேட்டுக்கினேன்.”

ஓடைக்கரையில் சொன்ன அதே வார்த்தை.

அடுத்த கூட்டத்தில் பாலம் வரவில்லை. நிதி இல்லை என்று மேலாளர் சொன்னார், நானும் சரி என்றேன். அதற்கடுத்த கூட்டத்துக்குள் அவர் போய்விட்டார். காதுகுத்து ஒன்றுக்கு மைக் கட்டப் போன இடத்தில், வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இரங்கல் கூட்டத்துக்கு எல்லாக் கட்சியும் வந்தது. வேறு கடை மைக். ஒப்பந்தக்காரர் கண் கலங்கப் பேசினார். சுயேச்சை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். நானும் பேசினேன். மைக் உயரமாக இருந்தது. யாரும் இறக்கிவிடவில்லை. தூர நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினேன்.

பாலத் தீர்மானம் அதற்குப் பிறகு வந்தது. மேலாளர், “படித்ததாகக் கொள்ளலாமா?” என்றார். “கொள்ளலாம்” என்றார்கள். ஏகமனதாக நிறைவேறியது. குழாய் பதித்து, ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் போட்டு, பாதியில் நிற்கிறது. இன்றும் மழை பெய்தால் அக்கரை அக்கரைதான்.

இதெல்லாம் நடந்து வருடங்களாகிவிட்டன. தீர்மானப் புத்தகத்தில் அவர் எதிர்ப்புகள் பெயரோடு இருக்கின்றன. என் மேல் இருக்கிற அந்த உண்மையான குற்றச்சாட்டு மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. யாரும் எழுதிக்கொண்டு போகவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். பாலம் வேண்டும் என்று கண்ணால் பார்த்தேன். நானாக வாக்குக் கொடுத்தேன். பதவிக்காக அதை மீறிக் கை தூக்கினேன். கற்பூரம் காரணமில்லை. ஒரு குழந்தை போய்விட்டது.

இதை அவர் கையில் கொடுத்தால் இரண்டு தடவை படிப்பார். பேனாவை எடுப்பார். கையெழுத்துப் போடப் போனவர், தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, “பேரு எங்கங்க, தலைவரம்மா?” என்று கேட்பார்.

அடுத்த தேர்தலுக்கு என் வீட்டுக்காரர் மறுபடியும் என்னை நிறுத்துவதாகக் கட்சியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நானும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.